வலிக்காத கால்களோடு நடப்பவர்களுக்கு

சர்க்கரை நோயோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் பெரியவர்களே, தாய்மார்களே, நண்பர்களே,

"காலில் ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று மருத்துவர் கேட்கும்போது, "ஒன்றும் இல்லை டாக்டர், வலியே கிடையாது" என்று நிம்மதியாகச் சொல்கிறீர்களே, அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல். நீங்கள் பொய் சொல்லவில்லை. வலி உண்மையிலேயே இல்லை. ஆனால் அந்த ஒரு பதிலை நம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல், பேச்சு ரத்தச் சர்க்கரை அளவுக்கும் மாத்திரைக்கும் போய்விடுகிறது. சிறுநீரகத்துக்குச் சோதனை உண்டு, கண்ணுக்குச் சோதனை உண்டு. காலுக்கு மட்டும் உங்கள் வாய்ச்சொல்லே சோதனை ஆகிவிடுகிறது. வலி இல்லாததைக் கால் நலமாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஏன் கூடாது என்பதற்கு விடை, நரம்பு வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. அதைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, கடைசியில் நான் வைக்கும் வேண்டுகோள்கள் நியாயமானவையா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

முதலில், நன்றாக இருக்கும் ஒரு காலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளங்காலின் தோலுக்குள் உணர்வு நரம்புகளின் நுனிகள் பரவிக் கிடக்கின்றன. அந்த நுனிகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில், புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு வாயிலையும் திறக்கக் குறிப்பிட்ட தூண்டல் வேண்டும். பீசோ 2 என்ற புரதம், தோல் அழுந்திச் சவ்வு இழுபடும்போது திறக்கிறது. டி.ஆர்.பி.வி. 1 என்ற புரதம் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திறக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் பட்டாலும் அதே வாயில் திறப்பதால்தான் காரம் நமக்கு எரிச்சலாகத் தெரிகிறது. அந்தக் கேப்சைசினையே துப்பாக வைத்துக்கொண்டு 1997-ல் இந்த வாயிலைக் கண்டறிந்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. அழுத்தத்தை உணரும் பீசோ புரதங்களை 2010-ல் வெளிக்கொண்டுவந்தது ஆர்டெம் படபூட்டியனின் குழு. இருவரும் 2021-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வாயில் திறந்ததும் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் நரம்பு நுனிக்குள் பாய்கின்றன. ஓய்வில் இருக்கும் நரம்பின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். பாயும் அயனிகள் அந்த வேறுபாட்டைக் குறைத்து ஓர் எல்லையைத் தாண்டச் செய்தால், சோடியம் வாயில்கள் அடுத்தடுத்துத் திறந்து ஒரு மின்துடிப்பு கிளம்புகிறது. அது நரம்பின் வழியே தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் செய்தியாகப் போகிறது. முள் குத்தியதும் தரை சுடுவதும் மூளைக்குத் தெரிவது இந்தத் துடிப்புகளால் மட்டுமே. தோலில் என்ன நடக்கிறது என்று நேரே பார்க்க மூளைக்கு வேறு வழி கிடையாது.

இந்தத் துடிப்புகளின் இயல்பைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1926-ல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன், ஸ்வீடனிலிருந்து வந்த இங்வே சொட்டர்மனுடன் சேர்ந்து, தனி ஒரு உணர்வு நரம்பிழையில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்தார். தூண்டல் மெல்லியதானாலும் பலமானதானாலும் துடிப்பின் அளவு மாறவில்லை. தூண்டல் கூடக்கூடத் துடிப்புகள் நெருக்கமாக வந்தன, அவ்வளவுதான். நரம்புகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-ல் அவருக்கும் சார்ல்ஸ் ஷெரிங்டனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். நரம்புக்குத் தெரிந்தது, துடிப்பை அனுப்புவது அல்லது அனுப்பாமல் இருப்பது. கடும் வலி என்றால் நிறையத் துடிப்புகள். லேசான வலி என்றால் கொஞ்சம். வலியே இல்லை என்றால் வலி நரம்பிலிருந்து எதுவும் வராது. "இங்கே எல்லாம் நலம்" என்று சொல்வதற்கென்று அந்த நரம்பிடம் தனியாக ஒரு துடிப்பு கிடையாது. காயமே இல்லாத காலின் வலி நரம்பும் பேசாது. செத்துப்போன வலி நரம்பும் பேசாது. மூளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

செய்தி நின்றுபோனதையாவது மூளை கண்டுகொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். திடீரென்று நின்றால் கண்டுகொள்ளும். பல் மருத்துவர் மரப்பு ஊசி போட்டதும் உதடு தடித்ததுபோல் தெரிவது அதனால்தான். ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நின்றால் கண்டுகொள்ளாது. இதற்கு உங்கள் கண்ணே சாட்சி. ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. அந்த இடத்தில் விழும் காட்சி மூளைக்குப் போவதே இல்லை. ஆனாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்கூட உலகத்தின் நடுவே ஓட்டை ஒன்று தெரிவதில்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் குறையோடு பார்க்கிறோம், சொல்லிக்கொடுக்கும்வரை தெரிந்துகொள்வதில்லை. செய்தி வராத இடத்தை வெறுமையாகக் காட்டும் பழக்கம் மூளைக்கு இல்லை. உங்கள் கால்விரல்களிலிருந்து வந்துகொண்டிருந்த செய்தி பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், அந்தக் குறைவை ஒரு குறையாக உணர்வதற்கு உங்களுக்குள் எந்த ஏற்பாடும் இல்லை. வலி இல்லை என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அந்த உண்மையை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி, சர்க்கரை நோயில் ஏன் கால் முதலில் அடிபடுகிறது என்பதைப் பார்ப்போம். கால்விரலிலிருந்து கிளம்பும் உணர்வு நரம்பிழை, கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டியுள்ள முடிச்சில் இருக்கும் ஒரு செல்லின் நீட்சி. அந்தச் செல்லின் உடல் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதன் இழையோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இழைக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன; அங்கிருந்து விரல் நுனிவரை உள்ளுக்குள்ளேயே கடத்தப்பட வேண்டும். வேகமாகப் போகும் சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் நகரும். இழையின் உட்கட்டமைப்புக்கான புரதங்கள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் ஊர்கின்றன. ஒரு மீட்டர் தூரத்தை அந்த வேகத்தில் கடக்க ஆண்டுகள் பிடிக்கும். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புச் செல்லின் ஆற்றல் உற்பத்தி குலைகிறது. நரம்புக்கே ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெட்டுப்போகின்றன. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். அதேபோல் உடம்பிலேயே மிக நீண்ட இழைகளின் கடைசி நுனி, அதாவது கால்விரல், முதலில் பட்டுப்போகிறது. பிறகு சேதம் பாதத்துக்கும் கணுக்காலுக்கும், காலுறை போடும் பகுதியில் மேல்நோக்கி ஏறுகிறது. இப்படி நரம்பு சேதமடைந்தவர்களில் பாதிப் பேர்வரை எந்த அறிகுறியையும் உணராமல் இருக்கக்கூடும் என்று அமெரிக்க நீரிழிவுக் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. "வலியே கிடையாது" என்று சொல்லும் குரல்களில் எத்தனை, சேதமடைந்த நரம்பின் சார்பில் எழுபவை என்று நினைத்துப் பாருங்கள்.

உணர்வு போனால் என்ன, மரத்துப்போன காலோடு வாழ்ந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். இதற்கான பதில் நம் ஊரிலேயே கண்டறியப்பட்டது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று அப்போது மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். பிராண்டும் அவருடைய சகாக்களும் அந்தப் புண்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தார்கள். கிருமி நரம்பைக் கெடுத்திருந்தது உண்மை. சதையையும் எலும்பையும் அழித்தவை அன்றாடக் காயங்கள். சுடும் பாத்திரத்தைத் தூக்கியது, கருவியின் பிடி கையை அறுத்தது, முள் ஏறிய காலோடு நடந்தது என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது. தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல்கள் போயிருந்தன. அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. வலிக்காததால் அவர்கள் காயத்தோடேயே அந்தக் கையையும் காலையும் தொடர்ந்து உபயோகித்தார்கள். காயத்தைக் கட்டி ஓய்வு கொடுத்தால் உணர்வில்லாத சதையும் மற்றவர்களின் சதையைப் போலவே ஆறியது. 1960-களில் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, சர்க்கரை நோயாளிகளின் கால்களிலும் இதே கதை நடப்பதைப் பார்த்து, வேலூரில் கற்றதை அவர்களுக்கும் கொண்டுசேர்த்தார்.

நோயே இல்லாத உடம்பில் வலிச் செய்தி மட்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பாகிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2006-ல் வெளியானது. வலி நரம்புகளில் துடிப்பைக் கிளப்பும் ஒரு சோடியம் வாயில், மரபணுக் கோளாறால் அவர்களிடம் வேலை செய்யவில்லை. தொடுவதும் சூடும் குளிரும் அவர்களுக்குத் தெரிந்தன. வலி மட்டும் தெரியவில்லை. உதட்டையும் நாக்கையும் தாங்களே கடித்துச் சேதப்படுத்தியிருந்தார்கள். பலருக்கு எலும்பு முறிந்தது பிறகே தெரியவந்தது. தெருவில் வேடிக்கை காட்டுவதற்காகக் கத்தியைக் கையில் செருகிக்கொண்டும் தணலில் நடந்தும் வந்த ஒரு சிறுவன், 14 வயதை ஒட்டி, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவர்களுடைய ரத்தத்தில் சர்க்கரை மிகவில்லை, கிருமி எதுவும் இல்லை. ஒரு செய்தி இல்லாமல் போனதே உடம்பை உடைக்கப் போதுமானதாக இருந்தது. அந்தக் குழந்தைகளிடம் பிறக்கும்போதே இல்லாதது, உங்கள் பாதத்தில் இப்போது இல்லாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட தூரம் நடக்கும்போது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டிருந்தால், நரம்பு நன்றாக இருப்பவர் தன்னை அறியாமலே காலை மாற்றி ஊன்றுவார். உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராததால், அதே எலும்பு முனையின் கீழ் ஆயிரக்கணக்கான முறை அதே அழுத்தம் விழுகிறது. அங்கே தோல் தடித்து ஆணி விழுகிறது. அந்தத் தடிப்பே செருப்புக்குள் ஒரு கல்போல் உள்ளே அழுத்த, அதற்கடியில் வெளியே தெரியாமல் சதை கன்றிப் புண்ணாகிறது. வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு ஆழமாகிறது, கிருமி நுழைய வழி கிடைக்கிறது. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்பும் தளர்வதால் விரல்கள் மடங்கிச் செருப்பில் உராய்கின்றன. இவற்றில் எதுவும் வலிப்பதில்லை. தரையில் ரத்தக்கறையைப் பார்த்தோ, துர்நாற்றம் வந்தோ, காய்ச்சல் அடித்தோதான் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிகிறது. அதற்குள் நாட்கள், சில நேரம் வாரங்கள் கடந்திருக்கும். சர்க்கரை நோயால் காலையோ விரலையோ எடுக்க நேர்ந்தவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு முதலில் இருந்தது ஒரு புண். அந்தப் புண்களில் பெரும்பாலானவை, வந்த முதல் நாளே பார்த்திருந்தால் கட்டுப்போட்டு ஆற்றியிருக்கக் கூடியவை. என்னை இந்த மடல் எழுதவைத்த ஆதங்கம் இதுதான்.

உங்களில் சிலர் இதை மறுப்பீர்கள். "எனக்குப் பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, இரவில் காந்துகிறது, உணர்வு இருப்பதால்தானே இதெல்லாம் தெரிகிறது?" என்பீர்கள். அடிபட்ட நரம்பிழை, தூண்டல் எதுவும் இல்லாமலே தானாகத் துடிப்புகளை அனுப்பக்கூடியது. துடிப்பு எங்கே கிளம்பியது என்று மூளைக்குத் தெரியாது; அந்த இழை எந்த இடத்துக்கு உரியதோ அந்த இடம் எரிவதாகவே எடுத்துக்கொள்ளும். தோலில் நெருப்பும் இல்லை, புண்ணும் இல்லை. நரம்பின் சேதத்தையே நீங்கள் எரிச்சலாக உணர்கிறீர்கள். இரவெல்லாம் எரியும் பாதத்தில் ஆணி ஏறினால் தெரியாமலிருப்பதும் நடக்கும். இரண்டும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கலாம். பல மாதங்கள் கழித்து எரிச்சல் தானாக அடங்கினால், குணமாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். குணமானதாலும் அடங்கலாம், எரிச்சலைச் சொல்லிவந்த இழைகளே போய்விட்டதாலும் அடங்கலாம். எது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

"என் சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்று இன்னும் சிலர் சொல்வீர்கள். பாராட்டுக்குரிய விஷயம், அதைக் கைவிடாதீர்கள். வகை 1 நோயாளிகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-ல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புச் சேதம் சுமார் 60 விழுக்காடு குறைந்தது. ஆனால் குறைந்தது என்றுதான் சொல்கிறேன், முற்றிலும் நின்றது என்று சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் வகை 2 நோயில் அந்தப் பலன் இன்னும் சிறியது. வகை 2 நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடம்புக்குள் இருந்திருக்கலாம் என்பதால், முதல் சீட்டு எழுதும் நாளிலேயே சிலருக்கு நரம்பு அடிபட்டிருக்கும். நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் நரம்பு கெடுவதுண்டு. அதையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். போன நரம்பு நுனியைச் சோதனைச்சாலைச் சீட்டில் உள்ள நல்ல எண் மீட்டுத் தராது. கட்டுப்பாடு இனிவரும் சேதத்தைக் குறைக்கும். ஏற்கெனவே வந்த சேதத்தைப் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

"வெறுங்காலில் நடப்பது நம் வழக்கம், அது நரம்பைத் தூண்டிவிடும்" என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது. கூழாங்கல் பதித்த பாதையில் எட்டு வடிவில் நடப்பதும், முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பைப் போடுவதும், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அந்த நம்பிக்கையில் வருபவை. நரம்பு நன்றாக இருப்பவருக்குக் கூழாங்கல் எங்கே அதிகமாக அழுத்துகிறது என்று தெரியும், காலை எடுத்துவிடுவார். உணர்வு போனவருக்குக் கல்லும் பஞ்சும் ஒன்றுதான்; தூண்டுவதற்கு அங்கே நரம்பு நுனியே இல்லை, கிழிவதற்குத் தோல் மட்டும் இருக்கிறது. வெப்பத்தின் கணக்கு இன்னும் கொடியது. 44 டிகிரி வெப்பம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தோல் வெந்துவிடும். சூடு ஏற ஏற அந்த நேரம் மிக வேகமாகச் சுருங்கி, நிமிடங்களாகவும் நொடிகளாகவும் ஆகிவிடும். நரம்பின் வெப்ப வாயில் 43 டிகிரியை ஒட்டித் திறப்பது அந்த ஆபத்துக்குச் சற்று முன்னதாகவே நம்மைக் காலை இழுக்கச் செய்வதற்குத்தான் பயன்படுகிறது. அந்த வாயில் இல்லாத காலை வெந்நீரில் வைப்பதும், உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் ஊன்றுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு நெருப்பின் பக்கம் போவதற்குச் சமம். உங்கள் பக்தியில் நான் குறுக்கிடவில்லை. கல் சுடாத காலை நேரத்தில் போங்கள், விரிப்பு போட்ட பாதையில் நடங்கள், காலுறைக்குத் தடையில்லாத இடத்தில் தடித்த காலுறை போடுங்கள், திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். பாதயாத்திரையையும் தீமிதியையும் பற்றி முடிவெடுக்கும் முன், உங்கள் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

"ஜாக்கிரதையாக இருந்தால் போதும், ஏதாவது நடந்தால் தெரியாமலா போய்விடும்?" என்பவர்களுக்கு, பால் பிராண்ட் கார்வில்லில் செய்த ஒரு முயற்சியைச் சொல்ல விரும்புகிறேன். பொறியாளர்களின் உதவியோடு, உணர்வற்ற கைகால்களுக்குச் செயற்கையாக ஒரு வலி ஏற்பாடு செய்துகொடுக்க அவர் முனைந்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகும்போது ஒலி எழுப்பச் செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தாமல் வேலையை முடித்தார்கள். பிறகு, உணர்வு இருக்கும் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. அவர்களோ கடினமான வேலையைச் செய்யும் முன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, முடிந்த பிறகு மாட்டிக்கொண்டார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வலி நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. அதை நாமாக நிறுத்த முடியாததால்தான் அது நம்மைக் காக்கிறது. "ஜாக்கிரதையாக இருப்பேன்" என்ற எண்ணத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வேலை மும்முரத்திலும் கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் முதலில் மறந்துபோவது அதுதான். எனவே போன வலியின் இடத்தை நல்லெண்ணத்தால் நிரப்ப முடியாது. பல் துலக்குவதுபோல் நாள் தவறாத பழக்கத்தால் ஓரளவு நிரப்பலாம்.

"அவ்வளவு கூட்டத்தில் டாக்டருக்கு ஏது நேரம், இதற்கும் ஒரு ஸ்கேனா?" என்ற சலிப்பு எனக்குப் புரிகிறது. இதற்கு ஸ்கேன் தேவையில்லை. ஒரு குச்சியில் பொருத்திய நைலான் இழை போதும். அதைத் தோலில் அழுத்தினால் 10 கிராம் விசையில் வளைந்துவிடும்; அந்தத் தொடுகை தெரியாத பாதம் காயப்பட்டால் தானாகக் காட்டிக்கொடுக்காது என்று பொருள். அதோடு, அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சேர்ந்து சில நிமிட வேலை. கையில் அந்த இழைகூட இல்லாத இடத்துக்காக இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்து 2011-ல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மகனோ மருமகளோ ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை, இரண்டு காலிலுமாக ஆறு இடங்களில், அழுத்தாமல், தட்டாமல், ஓரிரு நொடி மெல்லத் தொடட்டும். தொட்டது வலமா இடமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதம் ஆபத்தில் இருக்கிறது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறும் தெரிந்தாலும் ஆண்டுச் சோதனையை விட்டுவிடாதீர்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருந்தாலோ, முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடினாலோ, அதுவும் நரம்பு அடிபட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

இவ்வளவு சொன்னதும் என் வேண்டுகோள்களைக் கேட்கும் உரிமைக்காகத்தான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் செருப்பையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, "என் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. தினமும் இரவு படுக்கும் முன் இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பார்வை மங்கியவர்கள் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, புதிய தடிப்பு, ஒரு கால் மட்டும் சூடாகவோ வீங்கியோ இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாளே காட்டுங்கள். உணர்வு குறைந்துவிட்டது என்று தெரிந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்க வேண்டாம். நுண்துளை ரப்பர் அடிப்பாகமும் பின்வாரும் உள்ள எம்.சி.ஆர். செருப்பு போன்றவற்றை அணியுங்கள். போடும் முன் செருப்பை உதறி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணியை பிளேடால் சீவாதீர்கள், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டாதீர்கள். காலில் ஊற்றும் நீரின் சூட்டை வீட்டில் உணர்வு நன்றாக இருக்கும் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் கேட்கிறேன். காலில் ஒரு புண்ணைப் பார்த்த நாளில், "வலிக்கவில்லையே, இரண்டு நாள் பார்ப்போம்" என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்தோ உங்கள் வீட்டாரின் வாயிலிருந்தோ வர விடாதீர்கள். வலிக்கும் புண் உங்களை மருத்துவரிடம் துரத்தும். வலிக்காத புண்ணுக்காக நீங்களாகத்தான் கிளம்பிப் போக வேண்டும். வலி இல்லாத புண் என்பதே கூடுதல் அவசரத்துக்குக் காரணம். அன்றைக்கே போங்கள், அந்தக் காலை ஊன்றாமல் போங்கள். இன்று இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கி வீட்டில் ஒருவரை உட்காரவைத்து அந்த ஆறு இடங்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள் என்றுதான் உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நலனில் அக்கறை கொண்ட,
ஓர் எழுத்தாளர்